சருகும் அங்பாவ் உறையும் குருத்தோலையும்

‘வசந்தகாலக் கைவினை’ என்று இணையத்தில் தேடினால் பஞ்சு ஒட்டிய முயல், காகித டுலிப், முட்டை ஓட்டில் கோழிக்குஞ்சு என்று வந்து குவிகிறது. மலேசியாவில், பினாங்கில் பிறந்த பிள்ளை டுலிப்பை எங்கே கண்டது? என் பேத்தி படத்தைப் பார்த்துவிட்டு, “பாட்டி, இது வெங்காயப் பூவா?” என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

நம் ஊரிலும் மரங்கள் இலை உதிர்த்துத் தளிர்க்கும் காலம் உண்டு. நான் கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பிப்ரவரி, மார்ச் வெயிலில் பால்மரங்கள் சிவந்து பழுத்து மொத்தமாகக் கொட்டிவிடும். பால் குறையும், கூடவே சம்பளமும் குறையும். பெரியவர்களுக்கு அது கைக்கும் வாய்க்கும் எட்டாத காலம். எங்களுக்கோ கணுக்கால் அளவு சருகில் ஓடி விளையாடும் காலம். பிறகு செம்பு நிறத்தில் தளிர் விடும்.

“டுலிப் வெளியூர்ச் சரக்கு என்றால் ரப்பர் மட்டும் என்னவாம்?” என்று என் மருமகன் மடக்கினார். நியாயம்தான். பிரேசில் மரம், லண்டன் கியூ தோட்டம் வழியாக 1877-இல் இந்தப் பக்கம் வந்தது. ஆனால் அதன் பின்னாலேயே நம்மவர்களும் கப்பலேறி வந்தார்கள் அல்லவா? எனக்கு அது உறவுக்கார மரம்.

அந்த இலையில்தான் பள்ளியில் நாங்கள் நரம்பிலை, அதாவது சதை நீங்கி நரம்பு மட்டும் மிஞ்சிய இலை, செய்வோம். பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் பக்கம் போனால் இன்னும் பால்மரம் கிடைக்கும். கிடைக்காதவர்கள் கோயில் அரசமரத்தடியில் பொறுக்கிக்கொள்ளலாம். ஓட்டை விழாத, முற்றிய இலையாகப் பார்த்து எடுங்கள். ரப்பரில் ஒரு காம்புக்கு மூன்று இலை இருக்கும், பிரித்துக்கொள்ள வேண்டும். ஐஸ்கிரீம் டப்பாவில் தண்ணீர் ஊற்றி இலைகளை அமிழ்த்தி, மூடியை இறுக்கி மூடிவிடுங்கள். திறந்து வைத்தால் ஏடிஸ் கொசு குடும்பம் நடத்தும், அப்புறம் சுகாதார அதிகாரி வாசலில் நிற்பார். இரண்டு மூன்று வாரம் ஊற வேண்டும். இடையிடையே தண்ணீரை மாற்றுங்கள். நாற்றம் குடலைப் பிடுங்கும். பிள்ளைகளுக்கு அதுதான் பாதிக் கொண்டாட்டம். சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வைத்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பார்கள். முடியும்தான், ஆனால் அடுப்பும் சோடாக் காரமும் பெரியவர்கள் வேலையாகிவிடும், பிள்ளை வேடிக்கை பார்க்கத்தான் ஆகும்.

ஊறிய இலையைப் பீங்கான் தட்டில் விரித்து, பழைய பல் பிரஷ்ஷால் நடு நரம்பிலிருந்து வெளிப்பக்கமாக மெல்லத் தட்ட வேண்டும். தேய்த்தால் கிழியும். பச்சைக் கூழ் கரைந்து போகப் போக, அடியில் ஒரு வலை தெரியும். தடித்த நடு நரம்பு, அதிலிருந்து பிரியும் கிளை நரம்பு, அவற்றுக்கு இடையில் கொசுவலையைவிட நுண்ணிய பின்னல். என் பேரன் ஓரிடத்தில் உட்காராதவன். அவன் மூக்கு தட்டில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தான். கழுவி, உணவுச் சாயம் கலந்த தண்ணீரில் முக்கி, தொலைபேசிப் புத்தகமோ அகராதியோ எது கனமோ அதன் நடுவில் வைத்து அழுத்துங்கள். புத்தக அடையாளமாகலாம், வாழ்த்து அட்டையில் ஒட்டலாம். ஓரம் கிழிந்ததையும் ஒட்டத்தான் வேண்டும். பிள்ளை தூங்கிய பிறகு நாம் உட்கார்ந்து அழகாகத் திருத்தி வைப்பதைப் போல் கெட்ட பழக்கம் வேறில்லை.

சீனப் பெருநாள் முடிந்ததும் வீட்டில் வெற்று அங்பாவ் உறைகள், அதாவது அன்பளிப்புப் பணம் வைத்துத் தரும் சிவப்பு உறைகள், சேர்ந்துவிடும். நோன்புப் பெருநாளின் பச்சை உறை, தீபாவளிக்கு நாம் வாங்கி மீந்த உறை எல்லாம் சேர்ந்தால் அலமாரியில் ஒரு கட்டே இருக்கும். ஒட்டுப் பசையைப் பிரித்து உறையைத் தாளாக விரித்து, இரண்டாக மடித்து, மடிப்புப் பக்கமிருந்து விரல் அகலத்துக்கு ஒரு வெட்டாக வெட்டுங்கள். ஓரத்தில் ஒரு விரற்கடை விட வேண்டும், இல்லையென்றால் துண்டு துண்டாகிவிடும். விரித்து உருட்டி ஸ்டேப்லர் அடித்தால் விளக்குக்கூடு. பெருநாளின் 15-ஆம் நாளான சாப் கோ மேவுக்குள் செய்துவிட்டால் பொருத்தமாக இருக்கும். அன்று பினாங்குக் கடற்கரையான எஸ்பிளனேடில் கன்னிப்பெண்கள் நல்ல கணவன் வேண்டிக் கடலில் ஆரஞ்சு எறிவதைப் பார்க்கப் போகும்போது, கையில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

தெகோமா பூ பற்றியும் கேட்பீர்கள். வறட்சிக்குப் பின் சாலையோரம் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கொட்டுகிறதே, எல்லோரும் சாக்குரா (ஜப்பானியச் செர்ரிப் பூ) என்று படம் பிடிப்பது, அதுதான். நூலில் கோத்துத் தலையில் வைத்துக்கொள்ளலாம். சாயங்காலத்துக்குள் வாடிவிடும்.

ஏப்ரல் 14 சித்திரைப் புத்தாண்டுக்குத் தோரணம் கட்டக் குருத்தோலை வாங்குவோம் அல்லவா, அதில் நாலைந்து இலையை ஒதுக்கி வையுங்கள். ஈர்க்கை உரித்தெடுத்து, ஒரு கீற்றின் நுனியைச் சுண்டுவிரலில் இறுகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதன்மேல் பாதி ஏறும்படி சுருட்டிக்கொண்டே போனால் கூம்பாக விரியும். அகன்ற முனையில் ஈர்க்குத் துண்டு ஒன்றைக் குத்தி நிறுத்துங்கள். குறுகிய முனையை விரலால் நசுக்கி ஊதினால் பீப்பி. முதலில் வெறும் காற்றுதான் வரும். நசுக்கல் சரியாக விழுந்ததும் அலறும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி மதியத் தூக்கம் போடுவதற்கு முன்பே ஊதி முடிக்கச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் அவர் வீட்டுப் பிள்ளைக்கும் ஒன்று சுருட்டிக் கொடுத்துவிடுங்கள், புகார் வராது.