இரட்டைக்குழலோடு வாகைகுளத்திலிருந்து பெங்களூருக்கு

பட்டாளத்தில் ஓய்வு பெற்ற எங்கள் பக்கத்து ஆட்களில் பலர், ஊருக்கு வந்த கொஞ்ச நாளிலேயே கன்மேன் வேலைக்குக் கிளம்பிவிடுவோம். வங்கி, பண வண்டி, நகைக்கடை என்று எங்கே போனாலும் கேட்பது ஒன்றுதான்: துப்பாக்கி சொந்தமா, லைசென்ஸ் உன் பேரில் இருக்கா? எனக்கு பெங்களூரில் வேலை அமைந்தது. கையில் இருந்தது ‘12 போர்’ என்ற குழல் அளவுள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி.

நாகர்கோவில் - பெங்களூர் ரயிலில் போகச் சொன்னார்கள். லைசென்ஸ் இருந்தால் ரயிலிலும் கொண்டுபோகலாம். ஆனால் ராத்திரி முழுக்க யார் கண் விழிப்பது? ஒண்ணுக்குப் போனாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகணும். விமானத்தில் அந்தத் தலைவலி கிடையாது. கவுன்ட்டரில் ஒப்படைத்துவிட்டால் இறங்கும்வரை அது அவர்கள் பொறுப்பு.

முதலில் பார்க்க வேண்டியது லைசென்ஸில் எந்த எல்லை வரை செல்லும் என்று எழுதியிருக்கிறது என்பதை. தமிழ்நாடு மட்டும் என்றிருந்தால் ஓசூரைத் தாண்டுவதே குற்றம், ரயிலானாலும் விமானமானாலும். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் ஏறி இறங்கி, இந்தியா முழுமைக்கும் செல்லும்படி வாங்கி வைத்திருந்தேன். லைசென்ஸ்காரருக்குத் தரும் யுஐஎன் என்ற தனி அடையாள எண் ஏறியிருக்க வேண்டும், தேதி முடிந்திருக்கக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் காலம் மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாகிவிட்டது. பழைய கணக்கையே மனசில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேர்தல் அறிவிப்பு வந்த நேரமென்றால் இதையெல்லாம் யோசிக்கவே வேண்டாம், துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போய்விடும்.

விமான கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். ஒருவர் முடியாது என்றார், இன்னொருவர் தாராளமாக என்றார். இரண்டையும் நம்பாமல் தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைகுளத்துக்கே நேரில் போய்க் கேட்டேன். திருநெல்வேலியிலிருந்து முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். அங்கே இருந்த பிள்ளை தெளிவாகச் சொன்னாள்: “சார், ரெண்டரை மணி நேரம் முன்னாடி வந்திருங்க. வெப் செக்-இன் பண்ணாதீங்க. அசல் லைசென்ஸ், ரெண்டு நகல். தோட்டா தனியா பேக் பண்ணிருக்கணும்.”

இரட்டைக்குழலில் ஒரு வசதி, மூன்றாகக் கழன்றுவிடும்: குழல், முன்கட்டை, அடிக்கட்டை. பூட்டுள்ள கெட்டிப் பெட்டி வாங்கி, பஞ்சு வைத்து அடுக்கினேன். தோட்டா, சொந்த உபயோகத்துக்கு என்றால் ஆளுக்கு மொத்தம் 5 கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். கூட வருகிறவரின் பங்கையும் சேர்த்துக் கணக்குப் போட முடியாது. எனக்கு 25 தோட்டா உள்ள ஒரு பெட்டிதான், அது ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட வரும். குழல் துடைக்கிற திரவம் தீப்பற்றும் வகை, அதை வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

வாசலில் பேசும் விதம் முக்கியம். வரிசையில் நின்றுகொண்டு “எங்கிட்ட துப்பாக்கி இருக்கு” என்று சொன்னால் பின்னால் நிற்பவர்கள் என்ன ஆவார்கள்? லைசென்ஸை முதலில் நீட்டி, “லைசென்ஸ் வெப்பன் சார், டிக்ளேர் பண்ணணும்” என்று தணிவாகச் சொன்னேன். காவலர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எந்த ரெஜிமென்ட் என்று கேட்டார். மெட்ராஸ் என்றேன். சிரித்தார், நாற்காலி போட்டார். ஆனால் சோதனையில் இம்மி குறைக்கவில்லை. அதுதான் சரி. சர்வீஸில் இருந்தபோது ஆயுதம் சர்க்காருடையது, மூவ்மென்ட் ஆர்டர் எனக்காகப் பேசும். இப்போது நான் டிக்கெட் வாங்கிய ஒரு பயணி, அவ்வளவுதான். பணியில் இருப்பவர்களுக்கே பெரிய சலுகை ஒன்றும் இல்லை. சர்க்கார் பிஸ்டலோடு பயணிகள் விமானத்தில் போனாலும், பிரதமரின் பாதுகாப்புப் படையான எஸ்பிஜி மாதிரி வெகு சிலரைத் தவிர மற்றவர்கள் யூனிட் கடிதத்தைக் காட்டி, காலி செய்து, சரக்கறைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

கவுன்ட்டரில் செக்யூரிட்டி ஆள் வந்து தனி இடத்துக்குக் கூட்டிப் போனார். என்னையே திறக்கச் சொன்னார். இரண்டு குழலையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன். குழலில் வெட்டியிருந்த எண்ணையும் லைசென்ஸில் இருந்த எண்ணையும் ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். தோட்டாவை எண்ணினார். குண்டு நிரப்பவில்லை என்று உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து, கட்டணம், ரசீது, பிறகு சீல். முக்கால்வாசி நேரம் அந்த எண்ணைச் சரிபார்ப்பதிலேயே போனது. கிளம்பும் முன் வீட்டிலேயே விளக்கு வைத்துப் படித்துப் பார்த்துவிடுவது நல்லது, பழைய லைசென்ஸுகளில் ஒரு இலக்கம் மாறிக் கிடப்பதுண்டு.

சர்வீஸில் இருக்கும் தம்பிகளுக்கு ஒன்று. புல்வாமா தாக்குதலில் நம்ம கயத்தாறு பக்கத்துச் சவலாப்பேரி சுப்பிரமணியனும் உயிர் விட்டார். அதற்குப் பிறகுதான், 2019 பிப்ரவரியிலேயே, மத்திய ஆயுதப் படைக்காரர்கள் எல்லோரும் ஸ்ரீநகருக்கு விமானத்தில் போய்வர அனுமதி வந்தது, லீவுக்கும் சேர்த்து. அப்படி விமானத்தில் லீவில் வரும்போது பையை உதறிப் போட்டுப் பாருங்கள். ரேஞ்சில் சுட்ட நாளில் பக்கவாட்டு ஜிப்பில் விழுந்த ஒற்றைத் துப்பாக்கி ரவை ஸ்கேனரில் தெரிந்தால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு. தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று கோர்ட் பல வழக்குகளை ரத்து செய்திருக்கிறது. ஆனால் அந்த உத்தரவு வரும்வரை அலைவது யார்? அதுவும் 9 எம்.எம். ரவை தடை செய்யப்பட்ட வகை, சாதாரண லைசென்ஸ்காரன் வைத்திருக்கவே முடியாது.

பெங்களூரில் என் பெட்டி பெல்ட்டில் வரவில்லை. முதல் முறை போகிறவர்கள் இதில் பதறிப்போவார்கள். பெல்ட் பக்கத்தில் நின்ற கம்பெனி ஆளிடம் ரசீதைக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் கையிலேயே கொண்டுவந்து, அடையாள அட்டை பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு தந்தார். சீல் உடையவில்லை என்று அங்கேயே பார்த்துக்கொண்டேன், பெட்டியைத் திறக்கவில்லை. பொது இடத்தில் திறப்பது வம்பு.

கட்டணத்தை வேலைக்கு எடுத்தவர்கள் ரசீதைப் பார்த்துத் தந்துவிட்டார்கள். பெட்டி வாங்கிய பணத்தை மட்டும் இன்றுவரை தரவில்லை.