பழைய வீட்டு முற்றமும் மெட்டல் டிடெக்டரும்

புதைந்த காசும் நகையும் தேடி, பழைய வீட்டு முற்றத்தில் மெட்டல் டிடெக்டரை (மண்ணுக்குள் உலோகம் இருந்தால் சத்தம் போடும் கருவி) தரைக்கு மேலே அங்குமிங்கும் அசைத்தால் முதலில் வருவது ஆணிதான். ஆணி மேல் ஆணி. இரும்புக்குச் சத்தம் போடாதபடி கருவியை அமைத்து அதை வடிகட்டுவது சரி, ஆனால் எரிச்சலில் அலுமினியத் தாளின் சத்தத்தையும் சேர்த்து அணைத்துவிடாதீர்கள். மெல்லிய தங்க மோதிரமும் அந்தத் தாளும் கருவிக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கேட்கும். ஒன்றைத் தள்ளினால் மற்றதும் போச்சு.

நான் வாசற்படி ஓரம், துணி காயப்போட்ட இடம், பெரிய மரத்தடி என்று ஆரம்பிப்பேன். ஆட்கள் உட்கார்ந்து, குனிந்து, நிமிர்ந்த இடங்களில்தானே காசு விழுந்திருக்கும்! புல்லை மூன்று பக்கம் மட்டும் வெட்டி மடித்துத் திறந்தால், மூடிய பிறகு வேர் பிடித்துக்கொள்ளும். கிடைத்த காசைத் தயவுசெய்து தேய்க்காதீர்கள். மண்துகள் போட்ட கீறல் போகவே போகாது, தண்ணீரில் ஊறவைத்தால் போதும்.

அப்புறம், வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்கும்போதே கிடைப்பது யாருக்கு என்றும் பேசிவிடுங்கள்.