பெரியம்மாவுக்குப் பாடமான பத்து எண்கள்

அம்மா ஃபோனில் பேச வேண்டுமென்றால் துவைக்கிற கல்லில் ஏறி நிற்க வேண்டும். ஆலங்குளம் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்குள் ஒரு கோடு சிக்னல் வரும், போகும். பின்பக்கத்துக் கல்லில் ஏறி வேப்பமரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றால் இரண்டு கோடு. மழை நாளில் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றுதான் நான் திருப்பூரிலிருந்து கூப்பிட்டால் பேசுவாள். வயது அறுபத்து மூன்று. கல்லெல்லாம் பாசி. ஒவ்வொரு முறை அவள் பேசி முடித்து இறங்கும் வரை எனக்கு மூச்சு வராது.

பக்கத்து வீட்டில் வேறு நெட்வொர்க். அவர்கள் அடுப்படியில் உட்கார்ந்து வீடியோ காலே பேசுகிறார்கள். "புதுசா ஒரு சிம் வாங்கிப் போடு, முன்னூறு ரூபாயில முடிஞ்சிரும்" என்றான் அண்ணன். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "அக்காவுக்கு யாருட்டி புது நம்பர சொல்லிக் குடுப்பா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

பெரியம்மா கடையத்தில் தனியாக இருக்கிறாள். படிக்கத் தெரியாது. ஃபோனில் பெயர் பதிந்து வைத்தாலும் தேடி எடுக்கத் தெரியாது. ஆனால் அம்மாவின் நம்பர் மட்டும் அவளுக்கு மனப்பாடம். மூணு மூணாகப் பிரித்து, கடைசியில் நாலு என்று ஒரு ராகம் வைத்திருக்கிறாள். அந்த ராகத்தை முணுமுணுத்தபடியே ஒவ்வொரு எண்ணாக அழுத்துவாள். 2009இல் அப்பா அந்த நம்பரை வாங்கிக் கொடுத்த வாரமே அவளுக்குப் பாடமாகிவிட்டது. பதினைந்து வருடத்துக்கு மேலாக தினமும் சாயங்காலம் அந்த நம்பருக்குத்தான் அழைக்கிறாள்.

அப்புறம் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தபோது, அந்தப் பத்து எண்களில் எவ்வளவு தொங்கிக்கொண்டிருக்கிறது என்று புரிந்தது. ஆதார், ரேஷன் கார்டு, பேங்க், கேஸ் புக்கிங், பீடிக் கம்பெனியின் பி.எஃப். கணக்கு எல்லாவற்றிலும் அதே நம்பர்தான். மாதம் 15ஆம் தேதி மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் ஏறிவிட்டது என்று சொல்லும் எஸ்எம்எஸ்ஸும் அதற்குத்தான் வரும். புது நம்பர் என்றால் இத்தனை இடத்துக்கும் அம்மா ஏறி இறங்க வேண்டும். ஆகவே நம்பர் அதே, நெட்வொர்க் மட்டும் வேறு என்று முடிவு செய்தோம். இதைத்தான் போர்ட் பண்ணுவது என்கிறார்கள்.

அப்பா அந்த சிம்மை வாங்கிய நாளில் இப்படி மாற வழியே கிடையாது. 2010 நவம்பர் 25 அன்று அரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல்தான் நாடு முழுக்க இந்த வசதி வந்தது. அதுவும் அந்தந்தத் தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் மட்டும். தமிழ்நாடு ஒரு வட்டம், கர்நாடகா இன்னொரு வட்டம். 2015 ஜூலை 3க்குப் பிறகுதான் வட்டம் விட்டு வட்டமும் மாறலாம் என்றானது. பெங்களூரு போன அண்ணன் அப்படித்தான் தன் தமிழ்நாட்டு நம்பரை அங்கேயே ஒரு நெட்வொர்க்குக்குக் கொண்டுபோனான்.

நான் செய்த முதல் வேலையே தவறான வேலை. இதை எழுத உட்கார்ந்ததற்கு முக்கியமான காரணம் அதுதான். கோவில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, சிம் பழையது, வெட்டி வெட்டித் தேய்ந்துபோனது, அதனால்தான் சிக்னல் வரவில்லையோ என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கடையில் அதே நம்பருக்கு, அதே நெட்வொர்க்கில் வேறு சிம் வாங்கிப் போட்டேன். முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் போகவும் இல்லை, வரவும் இல்லை. அது விதிப்படிதான், மோசடியைத் தடுக்க அப்படி வைத்திருக்கிறார்கள் என்றார் கடைக்காரர். திங்கட்கிழமை பார்த்தால் சிக்னல் பழையபடியே. அன்று ராத்திரி கல்லில் ஏறி நின்று, ஆங்கிலப் பெரிய எழுத்தில் போர்ட் என்று அடித்து, ஓர் இடம் விட்டு, அம்மா நம்பரைப் போட்டு 1900க்கு அனுப்பினேன். முடியாது என்று பதில் வந்துவிட்டது.

காரணம், நான் மாற்றிய அந்த சிம்தான். 2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றினால் ஏழு நாள் கழியாமல் போர்ட் பண்ண விடுவதில்லை. ஒருவருடைய நம்பருக்கு ஏமாற்றி டூப்ளிகேட் சிம் வாங்கி, உடனே வேறு நெட்வொர்க்குக்கு ஓடிப்போய், அவர் பேங்க் ஓடிபியை எல்லாம் வாங்கிவிடும் திருடர்களைத் தடுக்கத்தான் இது. தெரிந்தபோது கோபம் வந்தது, ஆனால் விதி சரியான விதிதான். அம்மா மாதிரி ஆட்களுக்குத்தான் அந்தக் காவல் தேவை. எனக்கு இருந்த லீவ் முடிந்தது, திருப்பூர் திரும்பினேன். போர்ட் பண்ணும் எண்ணம் இருந்தால் பழைய சிம்மைத் தொடாதீர்கள். தொட்டுவிட்டால் ஏழு நாளை எண்ணிக்கொள்ளுங்கள்.

இன்னும் சில நிபந்தனைகளும் உண்டு. இப்போதிருக்கும் நெட்வொர்க்கில் 90 நாளாவது இருந்திருக்க வேண்டும். போஸ்ட்பெய்டு என்றால் பில் பாக்கி இருக்கக் கூடாது. இன்னொருவர் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்து அது பாதியில் நிற்கக் கூடாது. அம்மாவுடையது ப்ரீபெய்டு, அவள் பெயரிலேயே இருந்தது. அந்த விஷயத்தில் கவலை இல்லை. ரீசார்ஜ் சிறியது, அதில் எஸ்எம்எஸ் கிடையாதே என்று பயப்படவும் வேண்டாம். எந்த ரீசார்ஜாக இருந்தாலும் 1900க்கு எஸ்எம்எஸ் போக விட வேண்டும் என்று 2021 டிசம்பரிலேயே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டிருக்கிறது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை ராத்திரி மறுபடி பஸ் ஏறினேன். வெள்ளிக்கிழமை காலை அதே கல், அதே எஸ்எம்எஸ். இந்த முறை எழுத்தும் எண்ணும் கலந்த எட்டு இலக்கக் குறியீடு வந்தது. யுபிசி என்கிறார்கள். நம் ஊர்ப் பக்கம் அதற்கு நான்கு நாள்தான் ஆயுள். கெடு தேதி அந்த எஸ்எம்எஸ்ஸிலேயே இருக்கும். எங்களுக்கு செவ்வாய் வரை. ஓடிபி எப்படியோ இதுவும் அப்படித்தான். நாம் சேரப்போகும் நெட்வொர்க்கின் கடையில் தவிர வேறு யாரிடமும் சொல்லக் கூடாது. நீங்கள் கேட்காமலே இது வந்தால் யாரோ உங்கள் நம்பரில் கை வைக்கிறார்கள் என்று அர்த்தம்.

சனிக்கிழமை பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைக்குப் போனோம். சுவரில் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். அதன் முன் அம்மாவை நிறுத்திப் படம் எடுத்தான் அந்தத் தம்பி. பிறகு ஆதார் நம்பரைத் தட்டிவிட்டு, தீப்பெட்டி அளவு கருவி ஒன்றை நீட்டி விரலை வைக்கச் சொன்னான்.

ரேகை விழவில்லை.

வலது பெருவிரல், இடது பெருவிரல், ஆள்காட்டி விரல்கள் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். ஈரத் துணியால் துடைத்துவிட்டு வைத்தாள். தலையில் தேய்த்து எண்ணெய் ஏற்றிக்கொண்டு வைத்தாள். பத்து விரலும் முடிந்தது. ஒவ்வொரு முறையும் சிவப்பு விளக்குதான். அம்மா நாற்பத்தைந்து வருடமாக பீடி சுற்றுகிறாள். சுளகை மடியில் வைத்து, இலையை வெட்டி, தூளைப் போட்டு, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டி, நூலைச் சுற்றுவது. ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றிய காலமும் உண்டு. அந்த விரல் நுனியை அன்றுதான் நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வழவழவென்று கூழாங்கல் மாதிரி இருந்தது. கோடே இல்லை. எங்களை வளர்த்த வேலை அது. என்னமோ தப்பு செய்தவள் மாதிரி அம்மா கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டது எனக்குத் தாங்கவில்லை.

ஆதார் ஓடிபி வழியாகப் பார்க்கலாமா என்று கேட்டேன். அதுவும் அம்மாவின் அதே நம்பருக்குத்தானே வர வேண்டும்? அந்தத் தெருவில் அவள் ஃபோனுக்கு ஒரு கோடுகூட இல்லை. "வேற வழி இருக்குக்கா, ஆனா எங்கிட்ட வசதி இல்ல. தென்காசில கம்பெனி ஷோரூமுக்கே போயிருங்க" என்று அந்தத் தம்பிதான் சொன்னான். நல்ல பையன். காசு எதுவும் வாங்கவில்லை.

ஞாயிறு ஷோரூம் இல்லை. ஒரு நாள் லீவ் நீட்டிக்கச் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் தென்காசி போனோம். அங்கே ரேகையே கேட்கவில்லை. ஆதார் அட்டையை அவர்கள் செயலியிலேயே படம் பிடித்தார்கள், அம்மாவையும் நேரில் நிறுத்திப் படம் பிடித்தார்கள். கையெழுத்துக்குப் பதிலாக வேறொரு நம்பருக்கு ஓடிபி போகும் என்றார்கள், என் நம்பரைக் கொடுத்தேன். யுபிசியைச் சொன்னோம். இருபது நிமிடத்தில் புது சிம் கையில். ரேகை தேய்ந்த பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்கள், விரல் இல்லாமல் செய்ய முடியுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வழி இருக்கிறது, எல்லாக் கடையிலும் இல்லை, அவ்வளவுதான்.

ஒரே வட்டத்துக்குள் என்றால் மூன்று வேலை நாள். அண்ணன் மாதிரி வட்டம் மாறினால் ஐந்து. மனம் மாறினால் 24 மணி நேரத்துக்குள் கேன்சல் என்று ஆங்கிலத்தில் அடித்து, நம்பரோடு 1900க்கு அனுப்பினால் நின்றுவிடும். அன்று சாயங்காலமே பழைய நெட்வொர்க்கிலிருந்து இரண்டு முறை அழைத்தார்கள். தள்ளுபடி தருகிறோம், போகாதீர்கள் என்று. பதினைந்து வருடத்தில் அம்மாவை ஒரு நாளும் கேட்காதவர்கள். வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். பழைய ரீசார்ஜில் இன்னும் இருபது நாள் பாக்கி இருந்தது, அது திரும்பக் கிடைக்காது. ரீசார்ஜ் முடிகிற சமயம் பார்த்துப் போர்ட் பண்ணியிருக்கலாம்.

ராத்திரி நான் திருப்பூர் கிளம்ப வேண்டும். சிம் மாறும் நாளில் யார் ஊசியை வைத்து அதைத் திறப்பது? அண்ணன் வாங்கிக் கொடுத்த ஃபோனில் இரண்டு சிம் போடலாம். பழையதை முதல் இடத்திலேயே விட்டுவிட்டு, புதியதை அன்றே இரண்டாவதில் போட்டு வைத்தேன். "பழசு வேல செய்யலன்னா பயப்படாதம்மா. ஃபோன ஒரு தடவ அமத்திப் போடு, போதும்" என்று இரண்டு முறை சொல்லிக் காட்டினேன். எந்த நாள் மாறும் என்று புதன்கிழமை எஸ்எம்எஸ் வந்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசித்துச் சொல்லியிருக்கிறாள். ராத்திரி நேரத்தில்தான் மாற்றுகிறார்கள். நடுவில் நான்கு மணி நேரம் வரை ஃபோன் செத்துக் கிடக்கலாம். யாருக்காவது உடம்பு சரியில்லாத வீடு என்றால் அன்றைக்கு இன்னொரு ஃபோனைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். பின்னால் பால் பொங்குகிற சத்தம் கேட்டது. அடுப்படியில் நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

வாட்ஸ்அப் அப்படியே இருந்தது, பேரப்பிள்ளைகளின் படங்கள் எதுவும் போகவில்லை. பேங்க்குக்கும் கேஸ் கம்பெனிக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மா ஃபோனில் ஜிபே கிடையாது. இருந்தால், சிம் மாறியதால் நம்பரை ஒருமுறை திரும்பச் சரிபார்க்கச் சொல்லும், அது பெரிய வேலை இல்லை. அடுத்த 15ஆம் தேதி ஆயிரம் ரூபாய் எஸ்எம்எஸ் சரியாக வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரியம்மா கூப்பிட்டிருக்கிறாள். சிம், போர்ட், தென்காசி எதுவும் அவளுக்குத் தெரியாது. வழக்கம்போல ராகம் போட்டுப் பத்து எண்ணையும் அழுத்தியிருக்கிறாள். அம்மா எடுத்ததும் கேட்டாளாம்: "ஏட்டி, எங்க நிக்க? பக்கத்துல இருந்து பேசுத மாதிரி கேக்கு."

"வீட்டுக்குள்ளதான்க்கா" என்றாளாம் அம்மா. அன்று இருவரும் முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார்கள்.