வட்டில் இடம் இருக்கிறது, கோப்புக்கு இல்லை

மார்ச் 4, 2025, செவ்வாய்

பழைய சிற்றிதழ்களின் ஸ்கேன்களை வைத்திருக்கும் எங்கள் சிறிய சர்வர் காலையிலிருந்து புதிய கோப்பு எதையும் வாங்க மறுக்கிறது. ‘சாதனத்தில் இடம் இல்லை’ என்று பிழைச்செய்தி. வட்டில் இடம் எவ்வளவு என்று சொல்லும் டிஎஃப் -எச் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால் 40 ஜிபி வட்டில் 61 சதவீதம்தான் நிரம்பியிருக்கிறது. ஸ்கேன் செய்யும் தம்பி போனில், “அண்ணே, நீங்க இடம் இருக்குங்கிறீங்க, அது இல்லேங்குது” என்றான். இரண்டுமே உண்மை.

டிஎஃப் -ஐ என்று கேட்டதும் விஷயம் வெளியே வந்தது. ஐநோட் 100 சதவீதம் தீர்ந்திருந்தது.

லினக்ஸில் வழக்கமான எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு ஐநோட் வேண்டும். உரிமையாளர் யார், அனுமதி என்ன, அளவு எவ்வளவு, உள்ளடக்கம் வட்டில் எங்கெங்கே கிடக்கிறது, எல்லாம் அதில்தான் இருக்கும். கோப்பின் பெயர் மட்டும் அதில் இருக்காது. அது அடைவில் (ஃபோல்டரில்) இருக்கும். வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை வேறு, வீட்டுப் பட்டா வேறு என்பது மாதிரி. எத்தனை ஐநோட் என்பது கோப்பு முறைமையை உருவாக்க எம்கேஎஃப்எஸ் ஓட்டும் அன்றே முடிவாகிவிடும். வழக்கமான அமைப்பில் 16 கேபிக்கு ஒன்று. 40 ஜிபிக்குக் கணக்குப் போட்டால் 26 லட்சத்துச் சொச்சம். கோப்பு முறைமையையே பெரிதாக்கினால் ஒழிய அதைக் கூட்ட முடியாது.

யார் தின்றது என்று பார்க்க, அடைவுவாரியாகக் கணக்குச் சொல்லும் டியூ --ஐநோட்ஸ் ஓட்டினேன். தின்றது பக்கத் துண்டுகள். உலாவியில் பக்கத்தைப் பெரிதாக்கிப் படிப்பதற்காக ஒவ்வொரு பக்கத்தையும் 256க்கு 256 பிக்சல் துண்டுகளாக வெட்டிவைக்கிறோம். 300 டிபிஐயில் ஸ்கேன் செய்த ஒரு ஏ4 பக்கம் முழு அளவில் மட்டுமே 140 துண்டாகும். ஒவ்வொன்றும் சில கேபிதான் என்பதால் இடம் மிச்சம், ஐநோட் காலி.

துண்டுகளை மூலப் படத்திலிருந்து மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம், அதனால் அழிப்பதில் கவலையில்லை. ஒரே அடைவில் இத்தனை கோப்பு இருந்தால் அழிக்கும் ஆர்எம் கட்டளையோடு நட்சத்திரக் குறி போட்டால் வேலை நடக்காது. நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் எல்லாப் பெயர்களையும் விரித்து ஒரே வரியில் தர முயன்று, பட்டியல் மிக நீளம் என்று நின்றுவிடும். கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளைதான் வழி. அதில் -டிலீட் எப்போதும் கடைசியில் வர வேண்டும். ஃபைண்ட் இடமிருந்து வலமாக வேலை செய்கிறது. -டிலீட் முன்னால் வந்தால், பெயர் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் அழித்துவிடும். முதலில் -பிரிண்ட் போட்டு என்னென்ன வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அதை -டிலீட் ஆக்குகிறேன்.

துண்டுகளுக்கு இனி எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறு கோப்பு முறைமையில் தனி வட்டுப் பிரிவு. அது ஐநோட்களைத் தேவைக்கேற்ப உருவாக்கிக்கொள்ளும். ஒன்று, பிற்பாடு அதைச் சுருக்க வழியில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் அளவாகவே கொடுத்தேன்.

மார்ச் 6, வியாழன்

டிஎஃப் ஒரு கணக்கு சொல்கிறது, டியூ வேறு கணக்கு சொல்கிறது. நடுவில் சில ஜிபி காணோம்.

டியூ அடைவு அடைவாக நடந்து, பெயர் உள்ள கோப்புகளைக் கூட்டுகிறது. டிஎஃப் கோப்பு முறைமையின் சொந்தக் கணக்கைச் சொல்கிறது. ஒரு கோப்பை அழித்தால் பெயர்தான் உடனே போகும். ஏதாவது நிரல் அதைத் திறந்து வைத்திருக்கும்வரை உள்ளடக்கம் வட்டிலேயே இருக்கும். எல்எஸ்ஓஎஃப் +எல்1 கொடுத்தால் அப்படிப் பெயரிழந்தும் திறந்தே இருப்பவை வரிசையாக வரும். இணைய சர்வரின் பழைய பதிவுக் கோப்புதான். சேவையை மறுதொடக்கம் செய்ததும் இடம் திரும்பியது.

அப்படியே டியூன்2எஃப்எஸ் -எம் 1 போட்டு, 2 டிபி தரவு வட்டில் நிர்வாகியான ரூட் பயனருக்காக ஒதுக்கியிருந்த 5 சதவீதத்தை 1 ஆக்கினேன். 80 ஜிபி கிடைத்தது. இயங்குதளம் இருக்கும் வட்டில் இதைத் தொடவில்லை. வட்டு நிரம்பும் நாளில் ரூட் உள்ளே வந்து வேலை பார்க்க அந்த ஒதுக்கீடு வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று முழுக்க ஒரே ஒரு அடைவின் பெயரோடு போனது. போனதில் வருத்தமில்லை, தமிழில் கோப்புப் பெயர் வைக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

நண்பர் ஒருவர் தன் பழைய மேக் கணினியிலிருந்து ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் படங்களை அனுப்பினார். எல்எஸ் கொடுத்தால் ‘கொல்லிமலை’ என்று இரண்டு அடைவுகள். பார்வைக்கு எழுத்து எழுத்தாக ஒன்றேதான். ஓடி கட்டளையில் பைட்டுகளாகப் பார்த்தால் ஒன்று 27 பைட்டு, இன்னொன்று 30.

யூனிகோடில் ‘கொ’ இரண்டு விதமாக எழுதப்படலாம். க, அதன்பின் ஒகரக் குறி என்று ஒரே குறியீடாக வைப்பது ஒரு விதம். க, ஒற்றைக்கொம்பு, கால் என்று பிரித்து வைப்பது இன்னொன்று. கோ, கௌ எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். லினக்ஸில் நாம் தட்டச்சு செய்வது பெரும்பாலும் சேர்ந்த வடிவம். எக்ஸ்ட்4 வழக்கமான அமைப்பில் இதில் தலையிடாது. பைட்டு வேறானால் பெயர் வேறு என்று வைத்துக்கொள்ளும். ஆர்சிங்க்கும் பெயர் புதிது என்று நினைத்து எல்லாவற்றையும் இன்னொரு முறை நகலெடுத்திருக்கிறது.

இதற்கென்றே கான்வ்எம்வி என்று ஒரு கருவி இருக்கிறது. --என்எஃப்சி கொடுத்தால் பிரிந்ததைச் சேர்க்கும். சும்மா ஓட்டினால் என்ன செய்யப்போகிறேன் என்று மட்டும் காட்டும், --நோடெஸ்ட் சேர்த்தால்தான் உண்மையில் பெயரை மாற்றும். எல்லாக் கருவிகளும் இப்படி இருக்க வேண்டும் என்பது என் ஆசை. கோப்புகளுக்குப் பெயர் மாறியது. அடைவு இரட்டைகளை ஆர்சிங்க் கொண்டு ஒன்றாக்கினேன். இனி மேக்கிலிருந்து வருவதற்கு பெயர்களின் வடிவத்தை வழியிலேயே மாற்றித் தரும் ஆர்சிங்க்கின் --ஐகான்வ் விருப்பத்தைச் சேர்த்தாயிற்று.

இன்னொன்று: கோப்புப் பெயருக்கு எல்லை 255 எழுத்து இல்லை, 255 பைட்டு. யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டு, புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியீடு. ஆக 85 குறியீடுதான். கட்டுரைத் தலைப்பை முழுதாகக் கோப்புப் பெயராக வைப்பவர்கள் சீக்கிரமே இந்தச் சுவரில் முட்டுவார்கள். இதழ் பெயர், ஆண்டு, பக்க எண்ணோடு நிறுத்திக்கொண்டு தலைப்பைப் பட்டியல் கோப்பில் வைப்பது நல்லது.

மார்ச் 12, புதன்

பழைய வெளி வட்டிலிருந்து டக்டக் சத்தம். வட்டின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் பார்த்தால் படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் ஏறிக்கொண்டே போகின்றன. இந்த நிலையில் நேராக, கோப்பு முறைமையைப் பழுதுபார்க்கும் எஃப்எஸ்சிகே ஓட்டுவது கூடாது. அது எழுதும் கருவி, சாகும் வட்டில் எழுதவே கூடாது. முதலில் வட்டை அப்படியே நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ. நன்றாகப் படிக்க வருவதை முதலில் எடுத்துக்கொண்டு, மோசமான பகுதிக்குக் கடைசியில் திரும்பிவரும். எங்கே நின்றது என்று வரைபடக் கோப்பில் எழுதிவைப்பதால் மின்வெட்டு வந்தாலும் விட்ட இடத்தில் தொடரலாம்.

பிறகு அந்த நகலின் மேல், மவுண்ட் செய்யாமல் (அதாவது பயன்பாட்டுக்கு இணைக்காமல்), எக்ஸ்ட்4க்கான எஃப்எஸ்சிகே ஆன இ2எஃப்எஸ்சிகே. மவுண்ட் செய்ததன் மேல் ஓட்டினால் இயங்குதளத்தின் மையமான கர்னல் தன் நினைவகத்தில் ஒரு கணக்கும் இது வட்டில் வேறொரு கணக்கும் எழுதி இருப்பதையும் கெடுத்துவிடும். லாஸ்ட்+ஃபவுண்ட் அடைவில் எண்களைப் பெயராகக் கொண்ட கோப்புகள் வந்து சேர்ந்தன. அடைவு கெட்டு பெயர் போயிற்று, ஐநோட் தப்பித்தது. ஃபைல் கட்டளை எது படம், எது பிடிஎஃப் என்று சொல்லிவிட்டது. மீதியை ஆள்தான் திறந்து பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மார்ச் 15, சனி

எக்ஸ்ட்4 தன் சொந்தக் கணக்குகளுக்குத்தான் சரிபார்ப்புத் தொகை (தரவு கெட்டதா என்று காட்டும் எண்) வைக்கிறது, நம் கோப்பின் உள்ளடக்கத்துக்கு வைப்பதில்லை. அதைச் செய்வன இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்றவை. இப்போதைக்கு மாற வசதியில்லை, அதனால் மூலப் படங்கள் எல்லாவற்றுக்கும் எஸ்எச்ஏ256சம் கட்டளையால் சரிபார்ப்புத் தொகைப் பட்டியல் எடுத்து வேறு வட்டிலும் ஒரு பிரதி வைத்தேன்.

பேக்கப்பின் வரிசையும் முக்கியம். ஆர்சிங்க் வழக்கமாக அளவையும் மாற்றிய நேரத்தையும்தான் ஒப்பிடும். உள்ளே ஒரு பிட் கெட்டால் அதற்குத் தெரியாது. -சி கொடுத்து உள்ளடக்கத்தை ஒப்பிடச் சொன்னால், கெட்ட மூலத்தைக் கொண்டுபோய் நல்ல பேக்கப்பின் மேல் எழுதிவிடும். அதனால் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் முதலில் பட்டியல் சரிபார்ப்பு, அது தேறினால் மட்டும் ஆர்சிங்க் என்று இரண்டையும் && போட்டு இணைத்தேன். தவறினால் எனக்கும் தம்பிக்கும் மின்னஞ்சல் வரும். முதல் ஓட்டம் நாளை அதிகாலை 3 மணிக்கு.