வியாழக்கிழமை மட்டும் ஊசி போட விடாதீர்கள்

பெரியப்பா இருக்கும் முதியோர் இல்லத்தில் இரண்டு கட்டில் தள்ளிப் படுத்திருந்த தாத்தாவுக்குக் காசநோய் என்று தெரிந்ததும், எல்லாரையும் பரிசோதிக்கச் சொல்லிவிட்டார்கள். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டியே வயதானவர்கள்தான் அங்கே பாதிப் பேர். எக்ஸ்ரே சுலபமாக முடிந்தது.

வம்பு வந்தது மேண்டூ ஊசியில், காசநோய்க் கிருமி உடம்பில் இருக்கிறதா என்று பார்க்கப் போடும் ஊசி அது. முன்னங்கைத் தோலில் மருந்தை ஏற்றிவிட்டு 48 மணியிலிருந்து 72 மணி நேரத்துக்குள் தடிப்பை அளக்க வேண்டும். மிஸ்ஸி (நர்ஸ்) போட்டதோ வியாழக்கிழமை காலை. சனி, ஞாயிறு கிளினிக் பூட்டு! அங்கேயே கேட்டேன். "திங்கட்கிழமை கூட்டிட்டு வாங்க, பார்த்துக்கலாம்" என்றார். திங்கட்கிழமை வேறொருவர் இருந்தார், தேதியைப் பார்த்துவிட்டு "நேரம் தாண்டிப்போச்சு, மறுபடி போடணும்" என்று அட்டையைத் திருப்பித் தந்துவிட்டார். சக்கர நாற்காலியை வேனில் ஏற்றி இறக்கி நொந்துபோயிருந்த எனக்கு வாயில் நல்ல வார்த்தை வரவில்லை, பெரியப்பாதான் சிரித்தார்: "ஏம்மா, இந்தக் கை என்ன பால்மரமா, வந்து வந்து கீறிட்டுப் போக?"

அதனால் திங்களோ செவ்வாயோ போடச் சொல்லுங்கள். அளக்கும்போதும் பக்கத்தில் நில்லுங்கள், சிவந்திருப்பது கணக்கில்லை, விரலுக்குத் தட்டுப்படும் கெட்டியான தடிப்பைத்தான் அளக்க வேண்டும். வயதானவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்து, கிருமி இருந்தும் தடிக்காமல் போவதுண்டு. ஆகவே தடிப்பில்லை என்று சொன்னாலும் எக்ஸ்ரேயை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் சளி. டப்பாவைக் கொடுத்தார்களே தவிர எப்படி எடுப்பதென்று சொல்லவில்லை, கொண்டுபோனால் "இது எச்சில்" என்று திருப்பிவிட்டார்கள். விடிந்ததும், பசியாறும் முன்னே, வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வைத்து, வெளியே காற்றோட்டமாக நிமிர்த்தி உட்கார வைத்து, நாலைந்து தடவை மூச்சை நன்றாக இழுத்து விடச் சொன்னபிறகு இருமச் சொன்னேன். நெஞ்சிலிருந்து கெட்டியாக வந்தது. அந்தச் சளியைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது நான் ஒருத்திதான் இருப்பேன்.

இல்லத்தில் எடை எழுதும் நோட்டையும் கேட்டுப் பாருங்கள். அந்தத் தாத்தாவுக்கு இருமலே கிடையாது, சாப்பாடு இறங்காமல் மெலிந்துகொண்டே போயிருக்கிறார், வயசு என்று விட்டுவிட்டார்கள்.

பெரியப்பாவுக்கு எக்ஸ்ரேயும் சளியும் சுத்தம். இரண்டாவது ஊசியில் மட்டும் நன்றாகத் தடித்தது. கிருமி உள்ளே தூங்குகிறதாம், மற்றவருக்குத் தொற்றாதாம், தடுப்பு மாத்திரை தரப்போகிறார்கள். அதற்குமுன் ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை. இப்போது சாப்பிடும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை அப்படியே பையோடு டாக்டரிடம் காட்டுங்கள், தடுப்பு மருந்துகளில் சில அவற்றின் வேலையைக் குறைத்துவிடும்.