திறக்காத அடைவு

"எல்லாத்துலயும் பாத்துட்டீகளா தம்பி?" என்று உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த அம்மா கேட்டதற்கு, "பாத்தாச்சும்மா, இல்ல" என்று நான் சொன்ன பதில், எட்டு மாதமாகியும் என்னை விட்டபாடில்லை.

அவர் கேட்டது எங்கள் கணினியில் இருக்க வேண்டிய, 1998ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தின் ஸ்கேன் நகல். கோப்புகள் இருக்கும் நான்கு அடைவுகளின் (ஃபோல்டர்களின்) பாதைகளைப் பட்டியலிட்டு, பைத்தான் நிரல்மொழியில் அடைவுகளுக்குள் இறங்கிப் பார்க்கும் ஓஎஸ்.வாக் என்ற செயற்கூறைக் கொண்டு ஒவ்வொன்றையும் அடிவரை துழாவும் நிரலை நானே எழுதியிருந்தேன். ஆங்கிலப் பெரிய எழுத்தில் உள்ள கோப்புப் பெயரையும் சிறிய எழுத்தில் உள்ளதையும் லினக்ஸ் இயங்குதளம் வேறு வேறாகக் கொள்ளும் என்பதால், எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கி ஒப்பிடும் அளவுக்குக் கவனமாகத்தான் இருந்தேன். திரையில் 0 என்று வந்தது.

மூன்று வாரம் கழித்துக் காப்புப் பிரதி எடுக்கும்போதுதான், பழைய கணினியிலிருந்து வேறொரு பயனர் பெயரில் வந்திருந்த நான்காவது அடைவைப் படிக்க என் கணக்குக்கு அனுமதியே இல்லை என்பது தெரிந்தது. திறக்க முடியாத அடைவை ஓஎஸ்.வாக் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும்; அதன் 'ஆன்எரர்' என்ற விருப்ப அமைப்புக்கு நாமாக ஒரு செயற்கூறைக் கொடுத்தால்தான் பிழையை நம்மிடம் சொல்லும். பாதையையே தப்பாக எழுதியிருந்தாலும் இதே மௌனம்தான்.

இதை நிரல்மொழியின் குறை என்று சொல்ல மாட்டேன். பூட்டிய ஒரு வீட்டுக்காகத் தெரு முழுவதையும் தேடாமல் திரும்பிவிட முடியுமா? ஆனால் அந்த விவரத்தை நான் முன்பே படித்திருந்தேன். நான்காவது அடைவைச் சேர்த்த பிறகும் தேடும் நேரம் கூடவில்லையே என்று அந்த வாரம் பெருமைப்பட்டதும் நினைவிருக்கிறது.

எங்கள் ஸ்கேன் எதற்கும் செல்லாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு அவர் எப்படியும் விண்ணப்பிக்கத்தான் வேண்டும், அந்த வழியையும் சொல்லித்தான் அனுப்பினேன். இப்படி என்னைத் தேற்றிக்கொள்ளும்போதெல்லாம், அங்கே கொடுப்பதற்கான ஆவண எண்ணைத் தேடித்தான் அவர் வந்தார் என்பதும், அந்த எண் எங்கள் கோப்பின் பெயரிலேயே இருந்தது என்பதும் குறுக்கே வந்து நிற்கின்றன. அவருடைய கைப்பேசி எண்ணை நான் வாங்கி வைக்கவில்லை.

இப்போது நிரல், திறக்க முடியாத அடைவுகளை வரிசையாக அச்சிடுகிறது. கணினியின் முழு அதிகாரமும் உள்ள ரூட் பயனருக்கு மட்டுமே திறக்கும் 'லாஸ்ட் பிளஸ் ஃபவுண்ட்' என்ற அடைவு எங்கள் ஒவ்வொரு வட்டிலும் இருப்பதால், அந்தப் பெயர்கள் தினமும் வந்து வந்து கண்ணுக்குப் பழகிவிட்டன. நேற்று பட்டியலைப் படிக்காமலேயே ஒருவரிடம் "இல்ல சார்" என்று சொல்லிவிட்டு, அவர் படியிறங்கிய பிறகுதான் திரையை மேலே நகர்த்திப் பார்த்தேன்.