காலை 8.30க்குச் சமுகமளிக்கவும்

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலுக்குள் கிடக்கிற நெடுந்தீவுக்கு இடமாற்றம் வந்தபோது வீட்டில் ஒருவரும் சந்தோசப்படவில்லை. "எத்தனை வருசத்துக்கு?" என்றுதான் கேட்டார்கள். அதுவரை யாழ்ப்பாண நகரத்தில் ஓர் அலுவலகத்தில் இருந்தேன். விசாரணைக்கு ஆட்களை அழைத்துக் கடிதம் அடிப்பது என் வேலைகளில் ஒன்று. எல்லாக் கடிதத்திலும் ஒரே வரி: "காலை 8.30க்குச் சமுகமளிக்கவும்." தரைவழியாலேயே வந்துவிடுகிற சாவகச்சேரிக்காரருக்கும் அதுதான், நெடுந்தீவாருக்கும் அதுதான்.

பஸ் பண்ணைப் பாலத்தைத் தாண்டி, வேலணை, புங்குடுதீவு என்று ஓடிக் குறிகட்டுவானில் நின்றுவிடும். அங்கிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணிநேரம். சோழகம் என்கிற தென்மேற்குக் காற்றுப் பெயர்ந்தால் கடல் விடுகிற நாளில்தான் பயணம். குறிகட்டுவான் இறங்குதுறைகூட வேலணைப் பிரதேசத்துக்குள்தான் வருகிறது. நெடுந்தீவாரின் படலை அடுத்த வீட்டு வளவுக்குள் இருக்கிறது என்று வையுங்கள்.

சின்னத் தீவு என்று நினைத்துப் போனேன். யாழ்ப்பாணத் தீவுகளில் பெரியவற்றுள் அதுவும் ஒன்று, கிட்டத்தட்ட 50 சதுர கிலோமீட்டர். சனம் நாலாயிரம் அளவில். ஜே/01 முதல் ஜே/06 வரை ஆறு கிராம அலுவலர் பிரிவுகள். மாவட்டத்தின் இலக்கமே இங்கிருந்துதான் தொடங்குகிறது. வசதி வரும்போது மட்டும் மற்றப் பக்கத்தால் எண்ணுவார்கள் என்று நாங்கள் பகிடி விடுவோம். ஆளில்லாத கச்சதீவும் இந்தப் பிரதேச செயலகப் பிரிவுக்குள்தான் அடங்கும். அங்கே நடக்கும் அந்தோனியார் திருவிழா நெருங்கினால் குடிதண்ணீர், மலசலகூடம், படகு என்று ஒரே ஓட்டம்.

நான் வேலை பார்த்த பிரதேச செயலகம் அரசாங்கத்தின் கை, பிரதேச சபை சனம் தெரிவு செய்வது. சனத்துக்கு இரண்டும் "கந்தோர்"தான். தெரு விளக்கு எரியவில்லை என்று எங்களிடம் வருவார்கள், ஓய்வூதியம் கேட்டு அங்கே போவார்கள். மற்றச் சபைகள் உழவு இயந்திரத்துக்கு டீசல் கணக்குப் பார்க்கும். இந்தச் சபைக்கு 2017இல் நெடுந்தாரகை என்ற பயணிகள் கப்பலே வந்து சேர்ந்தது. பிறகு அதன் செலவையும் பார்க்கத்தானே வேண்டும்.

பார்க்க வருகிறவர்கள் காட்டுக் குதிரை எங்கே, அடி பெருத்த பெருக்கமரம் எங்கே என்று கேட்பார்கள். எனக்கு ஞாபகத்தில் நிற்பது சீமெந்து மூடைதான். தீவு முழுக்கக் கல். வேலிகூட முருகைக்கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கியது. ஆனாலும் ஒரு வீடு கட்ட மணலும் சீமெந்தும் கம்பியும் கடலால் வரவேண்டும். லொறியில் ஏற்றி, துறையில் இறக்கி, வள்ளத்தில் ஏற்றி, நெடுந்தீவு மாவிலித்துறையில் இறக்கி, மறுபடி உழவு இயந்திரத்தில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு கைமாற்றுக்கும் கூலி. வீட்டுத்திட்டப் பணம் வேலணையில் கூரை மட்டத்துக்கு வந்தால் இங்கே யன்னல் மட்டத்தோடு நின்றுவிடும். "வேலை ஏன் முடியவில்லை?" என்று விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் வரும். நான் பதில் எழுதுவேன். அடுத்த மாதம் அதே கேள்வி.

ஒருநாள் ஒரு ஆச்சி கடிதம் ஒன்றோடு வந்தார், வாசித்துச் சொல்லட்டாம். என் பழைய அலுவலகக் கடிதம். நான் அடித்து வைத்த மாதிரியைத்தான் இன்னும் பாவிக்கிறார்கள், எழுத்துப்பிழைகூட என்னுடையதுதான்.

"எட்டரைக்கு அங்க நிக்கிறதெண்டால் முதல்நாளே போய் ஆற்றையும் வீட்டில படுக்கவேணும் தம்பி. முந்தி தங்கச்சி இருந்தவ. இப்ப அவவும் இல்லை."

அதை அடித்தது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. தொலைபேசியில் கதைத்து நேரத்தை மாற்றிக் கொடுத்தேன். அவர் அடுத்த முறை வந்தபோது காயவைத்த பனங்கிழங்கு ஒடியல் கொண்டுவந்தார், அதை வாங்கவும் கூச்சமாகத்தான் இருந்தது.

மூன்று வருசத்தில் திரும்பவும் நகரத்துக்கு வந்தேன். முதல் வேலையாக அந்த மாதிரிக் கடிதத்தில் "தீவுப் பகுதியினர் படகு வந்து சேரும் நேரத்தைப் பொறுத்துச் சமுகமளிக்கலாம்" என்று ஒரு வரி சேர்த்து மேலே அனுப்பினேன். சிவப்பு மையால் வெட்டித் திரும்பி வந்தது. சரி என்று எழுத்துப்பிழையை மட்டும் திருத்தினேன். நெடுந்தீவுக்குக் கடிதம் போகிற நாட்களில் அந்தப் பிரிவுக் கிராம அலுவலருக்கு ஒரு கோல் எடுத்து, "பத்தரைக்கு வந்தாலும் காணும் எண்டு சொல்லிவிடுங்கோ" என்பேன்.